முதலாளி போட்ட கோடு

போன வாரம், கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஐந்து மணி. செங்கம் ரோட்டில் எங்கள் கம்பெனி லாட்ஜின் ரிசப்ஷன் கவுன்டர். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நான்தான்!

"மேடம், வெந்நீர் வருமா?"

"வரும் சார்."

"எப்ப வரும்?"

எனக்கு எப்படித் தெரியும்? அந்த லாட்ஜில் வெந்நீர் எந்தப் பைப்பில் வருகிறது என்பதே எனக்குத் தெரியாது. "இதோ வந்துடும் சார்" என்று சொல்லிவிட்டு, சாவி மாட்டும் பலகையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தேன். எதிரே ஆந்திராவிலிருந்து வந்த பதினாலு பேர் ஒரே சமயத்தில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே இரண்டு கைகளிலும் வாளியோடு ஒருவர் "வழி, வழி" என்று கத்தியபடி ஓடினார். அவர் எங்கள் டிராவல்ஸ் மேனேஜர் பரந்தாமன்!

கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிற நான் லாட்ஜ் கவுன்டருக்கு எப்படி வந்தேன்? எல்லாம் ஒரே ஒரு டிக். கம்ப்யூட்டரில் நான் எடுத்துவிட்ட ஒரே ஒரு டிக்...

புதிதாக வந்த வாசகர்களுக்காக ஒரு வரி: என் பிழைப்பு திருவண்ணாமலையில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். மூன்று லாட்ஜ், ஒரு டிராவல்ஸ். அத்தனைக்கும் ஒரே முதலாளி, ஒரே சர்வர், ஒரே நான். எங்கள் ஆட்கள் யாருக்கும் என் பெயர் தெரியாது. 'கம்ப்யூட்டர் மேடம்'தான்.

இந்த ஆடித் தள்ளுபடியில் எல்லாரும் புடவை எடுத்தபோது எங்கள் முதலாளி மேனேஜர்களுக்கு மொபைல் எடுத்தார். சாதாரண மொபைல் இல்லை. மெயில் வரும் மொபைல். கடுகு சைஸில் முப்பது, நாற்பது பட்டன். "இனிமே எவனும் 'மெயில் பார்க்கல சார்'னு கதை விடக்கூடாதும்மா" என்றார்.

அந்த மொபைல்களுக்கெல்லாம் லகான் என் கையில். சர்வரில் ஒரு பக்கம் உண்டு. அதைத் திறந்தால் வரிசையாகக் கேள்விகள். மெயிலைக் கலர், தடித்த எழுத்து போன்ற அலங்காரங்களோடு காட்டலாமா? படம் தெரியலாமா? மெயிலில் இருக்கும் லிங்க்கை அழுத்தினால் திறக்கலாமா? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கட்டம். நான் டிக் போட்டால் நடக்கும். எடுத்தால் நின்றுவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அத்தனை மேனேஜர்களையும் ஆட்டி வைக்கலாம். வீட்டில் டி.வி. ரிமோட்கூட என் கைக்கு வராது. எனக்கு ஆபீஸில் இப்படி ஒரு அதிகாரம்! விடுவேனா? முதல் வாரம் சும்மாவே பத்து தடவை திறந்து பார்த்தேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு வைத்திருந்தேன். பாவம், அனுபவிக்கட்டுமே என்று.

அனுபவித்தார் பரந்தாமன். 'உங்கள் மெயில் கணக்கு மூடப்படப் போகிறது, இங்கே அழுத்தவும்' என்று நீல எழுத்தில் ஒரு மெயில். மனிதர் அழுத்தினார். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தார். கேட்டால் கொடுத்துவிடுவதா என்றால், "மரியாதையா 'ப்ளீஸ்'னு போட்டிருந்தான் மேடம்" என்கிறார்!

அடுத்த அரை மணி நேரத்தில் பரந்தாமன் பெயரில் ஊர் உலகத்துக்கெல்லாம் மெயில் பறந்தது. எங்களிடம் வேன் புக் பண்ணிய வெள்ளைக்காரர்கள், டயர் கடைக்காரர், ஆடிட்டர், கடைசியில் முதலாளி வரைக்கும். விஷயம் என்ன தெரியுமா? 'முப்பதே நாளில் தலை நிறைய முடி!'

எங்கள் முதலாளிக்குத் தலையில் முடி கம்மி. கம்மி என்பதே மரியாதைக்குச் சொல்வது.

"ஏம்மா, பரந்தாமன் என்னாத்துக்கும்மா எனக்கு இதை அனுப்பறான்? கிண்டலா?"

அவர் அனுப்பவில்லை, அந்த லிங்க்தான் அனுப்பியது என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பரந்தாமனின் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது நான்தான். இதை அவர் மறக்கவில்லை. நானும் மறக்க விடவில்லை.

"இந்த லிங்க்கு கிங்க்கு எல்லாத்தையும் மூடும்மா! எழுத்து மட்டும் வந்தா போதும்" என்றார் முதலாளி.

மூடினேன். லிங்க் டிக்கை எடுத்தேன். பட டிக்கை எடுத்தேன். அலங்கார டிக்கையும் எடுத்தேன். அது எதற்கு என்கிறீர்களா? அழகான நீல எழுத்துக்குக் கீழேதான் திருட்டு முகவரி ஒளிந்திருக்கும். அலங்காரத்தை உரித்துவிட்டால் அந்த முகவரி அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நல்ல யோசனைதானே? எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மேனேஜர்களின் மொபைலில் மெயில் ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. கலர் கிடையாது, தடிமன் கிடையாது, அடிக்கோடு கிடையாது. வெறும் எழுத்து. முணுமுணுத்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

இப்போது எங்கள் முதலாளியின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் கையால் 'இல்லை', 'வேண்டாம்', 'கிடையாது' என்று எழுதவே மாட்டார். அபசகுனமாம். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். காகிதத்தில் லிஸ்ட் போனால், பிடிக்காத வரியின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. கீழே 'ஓகே. அருணாசலம் துணை' என்று எழுதிக் கையெழுத்து. பத்து வரியில் பத்தையும் அடித்தாலும் கீழே ஓகே உண்டு. ஓகே என்றால் 'பார்த்துவிட்டேன்' என்று அர்த்தம். கோடு இல்லாத வரிதான் சம்மதம்.

காகிதம் போய் மெயில் வந்தபோது, பேனா இல்லாமல் எப்படிக் கோடு போடுவது என்று தவித்துப் போனார். எழுத்தின் நடுவே கோடு கிழிக்கும் பட்டனை அவருக்குக் காட்டிக் கொடுத்தவள் நான். "அட! இதுலயும் இருக்கா?" என்று சந்தோஷத்தில் அன்றைக்கு வந்த மெயில் பூராவும் அடித்துத் தள்ளினார். தன் ரூமில், பெரிய கம்ப்யூட்டரில், மவுஸைப் பிடித்து நிதானமாகக் கோடு போடுவார். அவருக்கு அது கிட்டத்தட்ட ஒரு தியானம்.

கோடு ஓர் அலங்காரம். அலங்கார டிக்கை நான் எடுத்துவிட்டேன். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்குத் தோன்றியிருக்குமா?

தீபத்துக்குப் பத்து நாள் முன்பு, செங்கம் ரோடு லாட்ஜ் மேனேஜர் தேவராஜன் லீவு லிஸ்ட் அனுப்பினார். லாட்ஜ் தொழிலில் தீபத்துக்கு லீவு கேட்பது, பாங்க்கில் போய் இட்லி கேட்பது மாதிரி. கிடைக்காது. ஆனாலும் வருஷா வருஷம் கேட்பார்கள். வருஷா வருஷம் கோடு விழும். இந்த வருஷம் ஐந்து பேர். நாலு பேருக்கு அரை நாள் லீவு. ஐந்தாவது பெயர் சுகுணாக்கா. 'மலையில் தீபம் ஏற்றுவதைப் பார்க்க, மாலை 5 முதல் 7 வரை பர்மிஷன்.'

சுகுணாக்கா அந்த லாட்ஜின் ரிசப்ஷனிஸ்ட். வீடு இதே ஊர், பேகோபுரத் தெரு. தீபத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ லட்சக்கணக்கில் வருகிறார்கள். இந்த அம்மா பதினோரு வருஷமாக, மலை அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தும் அதைப் பார்த்ததில்லை! கவுன்டருக்கு முதுகுப் பக்கம் மலை. எதிரே பிரிண்டிங் பிரஸ்ஸின் சுவர்.

மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்பீர்கள். மாடி அன்றைக்கு கெஸ்ட்டுகளுக்கு. தவிர, அத்தனை ரூம் சாவியையும் விட்டுவிட்டு நகர முடியுமா? தீபம்தான் பதினோரு நாள் எரியுமே, மறுநாள் பார்த்தால் ஆகாதா என்று நானே ஒரு தரம் கேட்டிருக்கிறேன்.

"எரியறது எல்லாருக்கும் தெரியும்மா. ஒண்ணுமே இல்லாத இடத்துல டக்குனு வருதே... அதைத்தாம்மா பார்க்கணும்" என்றார்.

எங்கள் ஊரில் மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவோம். லாட்ஜிலும் அப்படித்தான். ஆறு மணிக்கு இருட்டில் உட்கார்ந்திருப்பார் சுகுணாக்கா. ஊரே 'அரோகரா' என்று கத்தும். சத்தம் கேட்டதும் அவர் எழுந்து மெயின் சுவிட்சைப் போட வேண்டும். பதினோரு வருஷமாக அவருக்குத் தீபம் என்றால் ஒரு சத்தம், ஒரு சுவிட்ச். அவ்வளவுதான்.

இந்த வருஷமும் முதலாளி வழக்கம்போல ஐந்து வரியையும் அடித்தார். வழக்கம்போலக் கீழே ஓகே, அருணாசலம் துணை. அனுப்பிவிட்டார்.

மற்ற இரண்டு லாட்ஜ் மேனேஜர்களும் தங்கள் லிஸ்ட்டுக்கு வந்த பதிலை அவரவர் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். அவர்கள் மொபைலுக்கு ஆயுத பூஜையில் வைத்த குங்குமம் இன்னும் கலையவில்லை. தேவராஜன் மட்டும் மொபைலில் பார்த்தார். அதில் கோடு எங்கே தெரியும்? ஐந்து பேரும் சுத்தமாக, பளிச்சென்று இருந்தார்கள். கீழே ஓகே.

மூன்று தடவை படித்தாராம். "முதலாளிக்கு மனசு இளகிடுச்சு" என்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டிவிட்டார். லாட்ஜே அமர்க்களம்! யாரோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்களாம். சுகுணாக்கா எனக்குப் போன் செய்தார்.

"யம்மா, கிடைச்சுட்டுதும்மா! அவருகிட்ட சொல்லிட்டேன், பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். மூணு பேரும் போறோம். எனக்குக் கையே ஓடலைம்மா."

எனக்கும் சந்தோஷம்தான். ஒரு நிமிஷம். அப்புறம்தான் உறைத்தது. எங்கள் முதலாளியா? மனசு இளகியா? சர்வரில் அந்த மெயிலைத் திறந்து பார்த்தேன். ஐந்து வரி. ஐந்து கோடு. சுகுணாக்கா பெயரின் மேலும் நெடுகப் போயிருந்தது. 

தேவராஜனிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், போர்டுல ஒட்டிட்டேன் மேடம். இப்ப போய் அதைக் கிழிச்சா, என்னைக் கிழிச்சுடுவாங்க."

"முதலாளிகிட்ட சொல்லிடலாமா?"

"சொல்லுங்களேன்."

"நானா? நீங்க சொல்லுங்க."

 சொன்னால் என்ன ஆகும்? புதிதாக ஒரு லிஸ்ட் கேட்பார். புதிதாக ஐந்து கோடு போடுவார். சுகுணாக்கா பன்னிரண்டாவது தடவையாக சுவிட்ச் போடுவார். தப்பு என்னுடையது. தண்டனை அவருக்கா? எனக்கு மனசு வரவில்லை. நியாயமாகப் பார்த்தால் நான் செய்தது திருட்டுத்தனம். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளுக்குள் குஷியாகவும் இருந்தது.

"அஞ்சு பேர் வேலைதானே? நாம பார்த்துக்கலாம்" என்றேன். தீபத்தன்று ஊருக்குள் வண்டியே வராது, ஆகவே டிராவல்ஸ் மேனேஜருக்கு வேலை கிடையாது. பரந்தாமனுக்குப் போன் போட்டேன். "உங்களுக்கு ஒரு உதவி செஞ்சேனே, ஞாபகம் இருக்கா?" என்றேன். "தலைமுடி விஷயமா மேடம்?" என்றார் பரிதாபமாக.

இப்படித்தான் நான் கவுன்டருக்கும், பரந்தாமன் வாளிக்கும், தேவராஜன் சமையல்கட்டுக்கும் வந்து சேர்ந்தோம். அரக்குக் கலர் பட்டுப்புடவையில் சுகுணாக்கா கிளம்பிய போது மணி சரியாக ஐந்து. "சாவி ஜாக்கிரதைம்மா. 106-க்கும் 109-க்கும் ஒரே மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதை நான் காதில் வாங்கியிருக்கலாம். 106-க்காரர் 109-இல் நுழைய, அங்கே ஓர் அம்மா அலற... சரி, அதை விடுங்கள்.

ஐந்தரைக்கு வாசலில் வெள்ளை வேட்டி தெரிந்தது. முதலாளி!

அவர் தீபத்தன்று தன் வீட்டு மொட்டை மாடியை விட்டு இறங்கவே மாட்டார். அன்றைக்கு மட்டும் எதற்கு வந்தார்? அவருடைய உறவுக்காரர் யாரோ ரூம் கேட்டாராம். வந்தவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு வாளியோடு நின்ற பரந்தாமனைப் பார்த்தார்.

"என்னாம்மா இது? சுகுணா எங்க?"

"தீபம் பார்க்கப் போயிருக்காங்க சார்."

"யாரு பர்மிஷன் குடுத்தது?"

"நீங்கதான் சார்."

சமையல்கட்டிலிருந்து ஓடி வந்த தேவராஜனின் மொபைலை வாங்கி நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, இரண்டு தரம் படித்தார்.

"கோடு போட்டேனேம்மா... கோடு எங்க?"

"நான்தான் சார் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? எதுக்கு?"

"நீங்கதானே சார் எல்லாத்தையும் மூடச் சொன்னீங்க."

"கோட்டையுமா மூடச் சொன்னேன்?"

டிக் விவகாரத்தை விளக்கினேன். பாதி புரிந்தது. புரிந்த பாதியே எனக்கு ஆபத்தான பாதி.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"லிஸ்ட் வந்த அன்னிலேருந்து சார்."

 என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வீட்டில் என்ன சொல்வது என்று வாக்கியம்கூடத் தயார் செய்துவிட்டேன். பரந்தாமன் வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். அவரும் தயாராகிறார் போலிருக்கிறது.

"ஆள் அனுப்பிக் கூப்பிடட்டுமா சார்?" என்றார் தேவராஜன். எனக்கு அவரைக் கடித்துவிடலாம் போலிருந்தது.

முதலாளி மறுபடியும் மொபைலைப் பார்த்தார். கடைசி வரியில் கட்டைவிரலை வைத்தார்.

"சாமி பேரைப் போட்டு ஓகேனு இருக்குது. இன்னிக்கிப் போயி, தீபத்தன்னிக்கி, வேணாம்னு எப்படிய்யா சொல்றது? வாயே வராதுய்யா."

அந்தச் சமயம் பார்த்து மாடியிலிருந்து இறங்கி வந்த ஒருவர் "சார், 204 சாவி" என்றார். முதலாளி அனிச்சையாகக் கையை நீட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அடுத்து ஒருவர் வெந்நீர் கேட்டார். "ஏழு மணிக்கு மேல வரும்" என்றார் முதலாளி. அடடா, இதுதான் பதிலா! கவுன்டருக்குள் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஆறு மணி நெருங்க நெருங்க லாட்ஜ் காலியாகிவிட்டது. எல்லாரும் மாடியில், ரோட்டில். பரந்தாமனும் தேவராஜனும்கூட நழுவிவிட்டார்கள். விளக்கு இல்லாத ஹாலில் நானும் அவரும் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திடீரென்று 'அரோகரா'! எல்லாப் பக்கமிருந்தும். கவுன்டர் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுந்து வாசலுக்கு ஓடத் தோன்றியது. அந்த நேரம் பார்த்துக் கவுன்டர் டெலிபோன் அடித்தது. எடுத்தால், "ரூம் இருக்கா?" என்று ஒரு குரல்.

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். முதலாளி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வருஷா வருஷம் மாடிலேருந்து பார்ப்பேம்மா. இந்தச் சத்தத்தை உள்ள உட்கார்ந்து கேட்டதில்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பதினோரு வருஷமாவா கேட்டுக்கினு இருக்கா?" என்றார்.

"ஆமா சார்."

எழுந்து போய்ச் சுவரைத் தடவி, மெயின் சுவிட்சை அவரே போட்டார்.

ஏழு மணிக்குச் சுகுணாக்கா வந்தார். கவுன்டரில் முதலாளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, நீங்க எதுக்குங்க..." என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்.

"இரும்மா, இரு. பார்த்தியா?" என்றார் முதலாளி.

சுகுணாக்கா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகம்.

"எங்கங்க... பக்கத்துல ஒரு குட்டிப் பொண்ணு, ஒண்ணும் தெரியலைனு அழுதுச்சு. நம்ம 106-க்காரங்க குழந்தைங்க. கெஸ்ட்டாச்சே, மனசு கேக்கல. தூக்கித் தோள்ல வச்சுக்கினேன். தீபம் தெரிஞ்சுது பாருங்க, அந்தக் குஷியில ரெண்டு கையாலயும் என் கண்ணைப் பொத்திட்டா! கையை எடுத்துப் பார்த்தா... எரியுது."

பரந்தாமன் 'க்ளுக்' என்றார். நான் அவர் காலை மிதித்தேன். எனக்கும் சிரிப்புதான். 

முதலாளி மேஜையில் இருந்த பேனாவை எடுத்தார். சிவப்புப் பேனா. கோடு போட்டே பழகிய கை அல்லவா?  அவரோ ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'அடுத்த தீபம். 5 முதல் 7. சுகுணா' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"அப்ப கவுன்டருல யாருங்க?" என்றார் சுகுணாக்கா.

"நான் வரேன். 106-ஐயும் 109-ஐயும் மாத்திக் குடுக்காம இருப்பேன்" என்று என்னைப் பார்த்தார். யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்!

மறுநாள் காலை அவருடைய ரூமுக்குக் கூப்பிட்டார். "நீ பண்ணது தப்பு. தெரியும் இல்ல?" என்றார். தெரியும் என்றேன். "மொபைல்ல கோடு தெரியற மாதிரி பண்ணிடு" என்றார்.

"பண்ணிடறேன் சார்" என்றேன்.

இன்னும் பண்ணவில்லை. அடுத்துப் பொங்கல் லீவு லிஸ்ட் வருமே!